தலைதட்டி ஒரு டம்ளர்

காய் சீவும் பீலரைக் கட்டைவிரலுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, சோப்புக் கட்டியின் ஓரங்களை அவள் ஒவ்வொன்றாக மழித்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போகிற சோப்பானால் இந்த வேலை தேவையில்லை. இது முதியோர் இல்லத்துக்குப் போகிறது. எண்பது வயதுத் தோல் நனைந்த தாள் மாதிரி; கூரான விளிம்பு பட்டாலே உரிந்துவிடும். மடியில் விரித்த பழைய துண்டில் சீவல் குவிந்திருந்தது. மேசைமேல் நூற்றிருபது கட்டி. நாளைக் காலை கொடுத்தாக வேண்டும்.

தெருவில் அவளுக்கு டூட்டியக்கா என்று பெயர். இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, புண் வராமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது யார் எங்கே என்று கேட்டாலும் "டூட்டி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். தங்கை பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. தங்கையின் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

சோப்பு செய்யத் தொடங்கியது ஆசையில் அல்ல, எரிச்சலில். அவள் பார்த்துக்கொண்ட ஒரு தலைமையாசிரியருக்கு, குளிப்பாட்டிய அரைமணி நேரத்தில் முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெடிக்கும். கடையில் கிடைத்த ஏழு வகையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. அவர் வீட்டுப் பழைய பத்திரிகை ஒன்றில் செய்முறை கிடைத்தது. முதல் முறை செய்தது கல்லாகிவிட்டது. டிரைவர் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். அடுத்தது கஞ்சியாகவே நின்றது. ஐந்தாவது தடவைதான் சோப்பு என்று சொல்லும்படி ஒன்று வந்தது. தலைமையாசிரியரின் முதுகு பத்து நாளில் அடங்கியது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டார்கள். தங்கை அலுவலகத்தில் பத்துப் பேர் கேட்டார்கள். கடைசியில் முதியோர் இல்லத்து மேட்ரனே கேட்டார்: முதலில் நூற்றிருபது; சரியாக இருந்தால் மாதாமாதம் அதேபோல. டூட்டியக்காவின் முழங்கால்கள் இரண்டும் போன வருஷமே பேச ஆரம்பித்துவிட்டன. இந்த ஆர்டர் நிலைத்தால் ஆளைத் தூக்கிப் புரட்டும் வேலையை விட்டுவிடலாம். இந்தக் கணக்கு அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கடைசிக் கட்டியையும் மழித்து முடித்தபோது மணி மூன்று. இனி நாக்கு வேலை. காஸ்டிக் சோடா எண்ணெயோடு முழுக்கச் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க அவளிடம் வேறு கருவி கிடையாது. நான்கு வாரம் காயவிட்டு, அச்சில் ஊற்றிய ஒவ்வொரு வார்ப்பிலிருந்தும் ஒரு கட்டியை எடுத்து நுனிநாக்கில் வைப்பாள். சோப்பு ருசி வந்தால் பிழைத்தது. சுரீர் என்றால் காரம் மிச்சமிருக்கிறது.

சுரீர் என்றது.

வாயைக் கொப்பளித்துவிட்டு இரண்டாவது வார்ப்பை எடுத்தாள். அதுவும் அப்படியே. ஆறு வார்ப்பையும் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய டார்ச் பேட்டரியை நக்கினது மாதிரி நாக்கு விறுவிறுத்தது.

தங்கை அரைநாள் லீவு போட்டுவிட்டு, சோப்பில் சுற்றப் பெயர் அச்சடித்த காகிதப் பட்டைகளோடு அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"கடிக்குது."

"எது?"

"எல்லாம்."

தங்கை பட்டைகளை மேசையில் வைத்தாள். "லேசாத்தானே? குளிக்கிறவங்க என்ன நக்கியா பார்க்கப்போறாங்க?"

"நீ நாக்கை நீட்டு."

"நான் எதுக்கு?"

"லேசுதான்னு சொன்னியே. நீட்டுடீ."

தங்கை கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாள். அடுத்த நொடி குழாயடிக்கு ஓடினாள். மூன்று முறை கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

"பேச்சு குறைஞ்சிருக்கா?" என்றார்.

"உங்க நாக்குலயும் வைக்கணும், வாங்க!" என்றாள் தங்கை, புறங்கையால் வாயைத் துடைத்தபடி.

"வேண்டாம்மா. எல்லா சோப்பையும் என் முதுகுலதான் முதல்ல தேய்ச்சுப் பார்த்தீங்க. அது போதும்." பிறகு டூட்டியக்காவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "இன்னும் ரெண்டு வாரம் காயவச்சா சரியாகாதா அக்கா?"

"தண்ணிதான் காயும் மாப்ளே. காரம் காயாது."

எங்கே தவறியது என்று விரல் விட்டுப் பார்த்தாள். எண்ணெய் அதே செக்கு, அதே லிட்டர் டின். சோடா அதே கடை, அதே பாக்கெட். தண்ணீர் அதே குழாய். ஒரு வார்ப்புக்கு ஒரு டம்ளர் சோடா, விளிம்போடு தலைதட்டி. அதிலும் மாற்றமில்லை. அலமாரியில் டம்ளர் கவிழ்ந்திருந்தது. குடிக்கிற டம்ளரோடு கலந்துவிடாமலிருக்க அதன்மேல் நகப்பூச்சில் ஒரு சிவப்புக் கோடு. கோடு புதிதாக இருந்தது. டம்ளரும்தான் பளபளத்தது.

"இது எப்ப வந்துது?"

"மேட்ரன் வந்து வேலை செய்யற இடத்தைப் பார்ப்பேன்னு சொன்னாங்கல்ல, அப்ப. அந்த ஒடுக்கு விழுந்த டம்ளரைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? அதே அளவு பார்த்துத்தான் வாங்கினேன். கோடுகூட நான்தான் போட்டேன்."

டூட்டியக்கா புது டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய டம்ளர் ஒருமுறை மாடிப்படியில் உருண்டு, இடுப்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு உள்ளே அமுங்கிப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோப்பு சரியாக வந்தது. அந்த ஒடுக்கும் சேர்ந்துதான் செய்முறை என்று அவளுக்கே அன்றுவரை தெரியாது. புது டம்ளரில் எடுத்துத் தலைதட்டியபோதும் கைக்கு வித்தியாசம் படவில்லை. கையை நம்பியவளுக்குக் கோபப்பட ஆள் கிடையாது.

"என்னாலயா?" என்றாள் தங்கை. குரல் சின்னதாகிவிட்டது.

"எடை போட்டிருந்தா யாராலயும் இல்ல. எடை போடாதது நான். பழசு எங்கே?"

"பின்னாடி அதுல செடி வச்சிருக்கேன்."

"போனை எடு."

"அக்கா, கொஞ்சம் யோசி. முதல் ஆர்டரே இல்லைன்னா அடுத்து யாரு கேப்பா? நீ இன்னும் எத்தனை வருஷம் ஆளைத் தூக்குவே?"

"முடியற வரைக்கும். போனை எடுடீ."

மேட்ரன் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா. காலைல எத்தனை மணிக்கு வண்டி அனுப்பட்டும்?"

"வண்டி வேண்டாம் மேடம். சோப்பு தர முடியாது. காரம் கூடிப்போச்சு. நம்ம ஆளுங்க தோலு தாங்காது."

"யார் சொன்னது?"

"நாக்குல வச்சுப் பார்த்தேன்."

"நூத்திருபதுமா?"

"நூத்திருபதும். துணி துவைக்க ஆகும். உடம்புக்கு ஆகாது."

"என்னம்மா நீங்க! ஸ்டோர்ல இருந்ததை உங்களை நம்பித்தான் தீர்த்தேன். நாளைக்குக் கடையிலதான் வாங்கியாகணும். மாசாமாசம் பேசினோமே, அதை இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

"சரிங்க மேடம்."

"நல்லது ஒண்ணுமே இல்லையா?"

"பழைய வார்ப்புல பதினாலு இருக்கு. அது சுத்தம். மாப்ளே முதுகுல பார்த்தாச்சு."

"எழுந்திரிக்க முடியாம கிடக்கிறவங்க ஒன்பது பேர் இருக்காங்க. அந்தப் பதினாலைக் கொண்டுவாங்க. நீங்களே கொண்டுவாங்க. ஒரு மாசம் போகட்டும், அவங்க தோலைப் பார்த்துட்டுப் பேசறேன்." போன் வைக்கப்பட்டது.

தங்கை காகிதப் பட்டைகளைத் திரும்பவும் ரப்பர் பேண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்ததும் அவிழ்த்து, பதினாலு பட்டையை மட்டும் எண்ணி எடுத்து மேசையில் வைத்தாள்.

மறுநாள் காலை டூட்டியக்கா எழுந்து வந்தபோது பின்கட்டில் செடி வேரோடு தரையில் கிடந்தது. தங்கை அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செடி வைப்பவர்கள் அடியில் ஒரு ஓட்டை போடுவார்கள். நல்லவேளை, தங்கைக்குச் செடி வளர்க்கவும் தெரியாது.

டிரைவர் மூலைக் கடையிலிருந்து எடை மெஷினை இரவல் வாங்கி வந்தார். கடை திறப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டம்ளரைத் துளி ஈரமில்லாமல் துடைத்து வைத்தார்கள். டூட்டியக்கா கையுறை மாட்டிக்கொண்டு, ஒடுக்கு விழுந்ததில் சோடாவை நிரப்பி, அட்டையால் தலைதட்டினாள். டம்ளர் எடை போக இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். புதியதிலும் அதேபோல. இருநூற்று முப்பத்தைந்து.

"புதுசையும் சுத்தியலால ஒரு தட்டுத் தட்டிடவா?" என்றார் டிரைவர்.

"மெஷினைக் குடுத்துட்டு வரும்போது நமக்குன்னு ஒண்ணு எங்கே கிடைக்கும்னு கேட்டுட்டு வாங்க மாப்ளே" என்றாள் அவள்.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் 212 என்று பெரிதாக எழுதினாள். எடை போட்டதில் 212 கிராம் சோடாவை வீணாக்காமல் தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, எட்டரை மணிக்குள் ஒரு வார்ப்பை ஊற்றி மூடினாள். தங்கை அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம்வரை பெரிய துருவியை வைத்துக்கொண்டு, நூற்றிருபதில் பதினேழைத் துணிக்கென்று துருவி முடித்திருந்தாள். ஒரு கட்டிகூட யாரும் சொல்லி அவள் துருவியதில்லை.

டூட்டியக்கா பட்டை சுற்றிய பதினாலு கட்டியைப் பையில் அடுக்கினாள். மேலே மடித்த ஏப்ரன் ஒன்றை வைத்தாள். பத்து மணிக்கு ஒரு வீட்டில் ஆள் காத்திருந்தார். இல்லத்துக்குப் போய்விட்டு அங்கே போக வேண்டும். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று எங்கே என்று கேட்டாள்.

"டூட்டி" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.