நாற்பத்தொன்றுக்கு ஓர் அர்ச்சனை

சனிக்கிழமை காலை ஏழு மணி, சிட்னியின் பரமட்டா பகுதியில் என் தங்கை வீட்டு வாசல். அன்றைக்கு நான் சிட்னித் துறைமுகத்தில் படகுச் சவாரி போயிருக்க வேண்டும். முதல் நாள் இரவு தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளுடைய தோழி துஷி, “அக்கா, நாங்கள் மாடு விடுற ஏப்பத்தை அளக்கிறம், பாக்க வாறீங்களோ?” என்று கேட்டுவிட்டாள். எனக்கு ரசம் புரையேறிவிட்டது. பாலமும் படகும் எங்கே ஓடிவிடப் போகின்றன? ஏப்பத்தை அளக்கிற ஊரை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிக்குத் திரும்பினால் என்னை யார் மதிப்பார்கள்?

துஷி யாழ்ப்பாணத்துப் பெண். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவி. ஆராய்ச்சிப் பண்ணை காம்டன் பக்கம் இருக்கிறது. அவள் விடியுமுன்பே போய்விட்டாள். என்னை அழைத்துப்போக வந்தவர் தங்கையின் பக்கத்து வீட்டுக்காரர், வாடகைக் கார் ஓட்டும் ஜெகன் அண்ணன். அவரும் ஈழத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏறியதும் ஒரு நிபந்தனை போட்டார்.

“தங்கச்சி, முதல்ல ஹெலன்ஸ்பர்க் கோயில். பிறகுதான் உங்கட மாடு.”

“அது வேற திசையாச்சுங்களே அண்ணா?”

“ஓம். சனிக்கிழமையில நான் வேற திசைக்குப் போறேல்ல.”

சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

ஹெலன்ஸ்பர்க் அறுபது கிலோமீட்டர் சொச்சம். யூகலிப்டஸ் காட்டுக்கு நடுவே சாலை இறங்கி ஏறி ஒரு திருப்பத்தில் திரும்ப, வெள்ளைவெளேரென்று கோபுரம் நின்றது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, கத்தியும்விட்டேன். பெருமாள் சேவை முடித்து, மடப்பள்ளிப் பக்கம் தோசை தின்று, பிரசாதமாகக் கிடைத்த வாழைப்பழங்களை அண்ணன் முன் இருக்கையில் பத்திரமாக வைத்தார். அந்தப் பழங்கள்தான் அன்றைய நாளைத் தலைகீழாக்கப் போகின்றன என்று பெருமாளுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

பத்தரை மணி. ஆப்பின் என்னும் ஊர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் போல ஓடிக் காம்டன். கடைத்தெருவில் ஒரு காபி ஐந்தரை டாலர், மேலே நுரையில் இலைக் கோலத்துடன். ஊரைத் தாண்டியதும் மேடும் பள்ளமுமாகப் புல்வெளி. பண்ணை வாசலில் துஷி ரப்பர் பூட்ஸுடன் நின்றிருந்தாள். வெளி மண் உள்ளே வரக்கூடாதாம். செருப்பைக் கழற்றி, அவள் கொடுத்த பூட்ஸுக்குள் காலை நுழைக்க நான் தூணைப் பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தை ஒரு பத்துப் பதினைந்து கறுத்த மாடுகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தன. அத்தனையும் கொழுகொழுவென்ற கிடேரிகள். ஜெகன் அண்ணன் ஊரில் அவற்றுக்கு ‘நாகு’ என்று பெயர். ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் வில்லை, வில்லையில் ஒரு எண்.

“பேரில்லையா துஷி?”

“பேர் வைச்சா மனசு ஒட்டிப்போடும் அக்கா. நம்பர் மட்டுந்தான்.”

பிறகு அவள் விளக்க ஆரம்பித்தாள் பாருங்கள், நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். மாடு அசைபோடும்போது வயிற்றில் மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது, ஏப்பமாக வெளியே வருகிறது, வானத்தைச் சூடாக்குகிறது. ஆனால் எல்லா மாடும் ஒரே மாதிரி விடுவதில்லை. ஒரே புல்லைத் தின்று, ஒரே மாதிரி வளர்ந்து, குறைவாக ஏப்பம் விடுகிற மாடும் மந்தையில் உண்டு. அதைக் கண்டுபிடித்துத் தாய்மாடாக வைத்துக்கொண்டால் அதன் கன்றுகளும் அப்படியே வரக்கூடும்.

அளக்கிற இயந்திரத்தைக் காட்டினாள். சின்னக் கோழிக்கூண்டு வண்டி மாதிரி இருந்தது. அதன் முகப்பில் ஒரு பொந்து. மாடு தானாக வந்து தலையை உள்ளே விட்டால் காதிலிருக்கும் எண்ணை இயந்திரம் படித்துக்கொள்ளும். நாலைந்து தீவன உருண்டைகள் விழும். மாடு மென்றுகொண்டிருக்க, ஒரு விசிறி அதன் மூச்சை இழுத்து அளக்கும். பிடித்து இழுப்பதில்லை, கட்டுவதில்லை. அடடா! ஓடிப்போய் நானே தலையை விட்டுப் பார்க்கலாமா என்றிருந்தது.

“கடைசியில் இறைச்சிக்குத்தானேம்மா?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஓம் அக்கா, இறைச்சிக்குத்தான். தாயா நிக்கிறது நிக்கும். மற்றது லொறியில போகும்.” சற்று நிறுத்தி, “நாப்பத்தொண்டை நினைச்சாத்தான் கவலை” என்றாள்.

மற்ற எல்லாக் கிடேரிகளும் இயந்திரத்துக்குப் பழகிவிட்டன. நாற்பத்தொன்று மட்டும் விசிறிச் சத்தத்துக்குப் பயந்து கிட்டவே போகவில்லை. பழக்குவதற்கு இன்றுதான் கடைசி நாள். தலையை விடாத மாட்டை அளக்க முடியாது. அளக்காத மாட்டுக்கு மந்தையில் இடமில்லை, திங்கட்கிழமை லாரி.

“அது எதும்மா நாற்பத்தொன்று?” என்றபடி, அவளை உற்சாகப்படுத்த என் கைப்பேசிப் படத்தைக் காட்டினேன். “இங்க பாரு, நான் பூட்ஸ் மாட்டி முடிச்சதும், நீ அந்தப் பக்கம் போனப்ப எடுத்தது. இந்தப் புள்ள எவ்வளவு அழகாப் பழம் திங்குது!”

படத்தில் ஜெகன் அண்ணன் பயபக்தியுடன் வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டிருந்த மாட்டின் காதில் மஞ்சள் வில்லை. 41.

துஷியின் முகம் போன போக்கை என்னவென்று சொல்வேன்!

“அங்கிள்! என்ன குடுத்தனீங்கள்?”

“வாழைப்பழம் பிள்ளை. கோயில் பழம்.”

“ஐயோ அங்கிள்! புல்லும் இந்த உருண்டையும் தவிர ஒண்டும் வாயில படக்கூடாது. ஆராய்ச்சி அங்கிள் இது!”

“கையில பழத்தை வைச்சுக்கொண்டு பசுவைத் தாண்டிப் போறதோ?” அண்ணனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்கும் அப்போதுவரை அதில் தப்பே தெரியவில்லை. கோயிலிலிருந்து வருகிறோம், பழம் இருக்கிறது, எதிரே பசு நிற்கிறது. நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள்?

துஷி நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அங்கேயே நின்று தன் பேராசிரியரை அழைத்து ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அளவெடுப்பது அடுத்த வாரம்தான், ஒரு பழம் அதற்குள் வயிற்றைவிட்டுப் போய்விடும், பதிந்து வை என்றாராம். ஆனால் இன்று மாலைக்குள் தலையை விடவேண்டும் என்பதில் மாற்றமில்லை.

மத்தியானம் முழுக்க வேறொரு கூத்து. பழத்தின் ருசி கண்ட நாற்பத்தொன்று இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலியோரம் நின்று ஜெகன் அண்ணனையே பார்த்தது. அவர் மரத்துக்குப் பின்னால் போனால் எட்டிப் பார்த்தது. காருக்குள் இருக்கையைச் சாய்த்துப் படுத்தால் காரைப் பார்த்தது. “அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா!” என்று துஷி அழாத குறையாகச் சொன்னாள். மூன்று மணியாகிவிட்டிருந்தது.

தள்ளிப் போகிற பாதை வேலிக்கு வெளியே இயந்திரத்தின் பின்புறமாகச் சுற்றிப் போனது. நாங்கள் நடந்தோம். உள்ளே நாற்பத்தொன்றும் கூடவே நடந்தது. நாங்கள் இயந்திரத்துக்குப் பின்னால் மறைந்ததும் ஆளைக் காணாமல் தவித்து, மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. அண்ணன் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம், நடுவில் இயந்திரம்.

“அசையாதேங்கோ அங்கிள்!” துஷி தூரத்திலிருந்து தொண்டைக்குள்ளேயே கத்தினாள்.

அவர் சிலையாக நின்றார். ஆஸ்திரேலிய ஈக்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவை விரட்டினாலே போகாதவை. விரட்டாத மனிதர் கிடைத்தால் விடுமா? மூக்கிலும் இமையிலும் உதட்டிலும் மொய்த்தன. மனிதர் ஒரு விரலை அசைக்கவில்லை. நாற்பத்தொன்று பொந்துக்குள் மூக்கை விட்டது, வெடுக்கென்று எடுத்தது. மறுபடி விட்டது. இந்த முறை தலை முழுதும் உள்ளே. கடகடவென்று உருண்டைகள் விழுந்தன. மிரளும் என்று பயந்தேன். மிரளவில்லை! மெல்லத் தொடங்கியது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அது பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது. துஷியின் கைக்கணினியில் 41 என்று வந்து விழுந்தது.

நான் குதித்தேன். பூட்ஸ் ஒன்று கழன்றுவிட்டது. துஷி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன் கடைசியில் வாயைத் திறந்து ஒரு ஈயைத் துப்பினார்.

கிளம்பும் முன் நாற்பத்தொன்று அவர் இல்லாமலே இன்னொரு முறை போய்த் தலையை விட்டது. திங்கட்கிழமை லாரி அதற்கு இல்லை. ஆனால் நிரந்தரமாக நிற்க வேண்டுமென்றால் ஏப்பக் கணக்குக் குறைவாக வரவேண்டும், முடிவு தெரியச் சில மாதமாகும் என்றாள் துஷி. அண்ணன் அதைக் கேட்டபடி வேலியோரம் கொஞ்சநேரம் நின்றார். மிச்சப் பழங்களைக் காரிலேயே பூட்டிவைத்திருந்தார்.

திரும்பும் வழியில் வண்டி பரமட்டா பக்கம் திரும்பவில்லை. வந்த வழியே ஆப்பின் சாலையில் போனது. மறுபடி கோயில் என்று தெரிந்தது. பாதித் தூரத்தில் அவரே பேசினார்.

“படகில வந்தவையை அடைச்ச அகதிக் காம்பில என்னையும் நம்பரிலதான் கூப்பிட்டவை தங்கச்சி. வந்த போட்டுக்கு ஒரு எழுத்து, எனக்கு ஒரு இலக்கம். பேரே மறந்துபோற மாதிரி. பத்து வருசத்துக்கு மேலாச்சு. இன்னும் தற்காலிக விசாதான்.”

காலையிலிருந்து ஓயாமல் படம் எடுத்துக்கொண்டு வந்த கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன்.

மாலை வெளிச்சம் கோபுரத்தின் மேல் மட்டும் மிச்சமிருந்தது. அண்ணன் அர்ச்சனைத் தட்டோடு போய் நின்றார்.

“யார் பேருக்கு?” என்றார் பட்டர்.

“நாப்பத்தொண்டு.”

“வயசு இல்லீங்க, பேரு.”

“பேர்தான் ஐயா. வேற பேர் வைக்கேல்ல.”

பட்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாங்க என்று தலையாட்டினேன்.

“நட்சத்திரம், ராசி?”

“நட்சத்திரம் தெரியாது. ராசி ரிஷபம்” என்றார் அண்ணன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

நான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டேன். பட்டர் கேள்வியை நிறுத்திவிட்டு மந்திரத்தைத் தொடங்க, நடுவே நாற்பத்தொன்று கணீரென்று ஒலித்தது. அண்ணன் கண்ணை இறுக மூடியிருந்தார்.

வெளியே வந்து காரில் ஏறியதும், “என்னங்க அண்ணா வேண்டிக்கிட்டீங்க, ஏப்பம் குறையணும்னா?” என்று கேட்டேன்.

“ஓம். அவளை நிக்க விடட்டும் எண்டு கேட்டனான்.” சாவியைத் திருகி, வண்டியைக் கிளப்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “அப்பிடியே என்ர விசயத்தையும் ஒருக்கா ஞாபகப்படுத்தினனான்.”