கன்னத்துக்குள் வெள்ளைப் புள்ளி

என் தங்கை புதுநன்மை வாங்க வேண்டிய ஞாயிறு அது; சாமியார் கையால் முதல்முதலாக ஆண்டவரின் அப்பத்தை நாக்கில் வாங்குகிற நாள். அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பதினொன்று. ஜீவனஹள்ளியிலிருந்து பிரேசர் டவுன் கோயிலுக்கு நடந்தே போவோம். அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுராத்திரிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. முதல் நாளே அம்மா ரவா லாடு பிடித்து டின்னில் மூடி வைத்திருந்தாள்.

காலையில் தங்கைக்கு வெள்ளைக் கவுன் போட்டுவிட்டது நான்தான். கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கொட்டாவி விட்டாள். கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பல்லோரம், ரவை மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

"லாடு துன்னியாடி?"

"இல்லக்கா. சத்தியமா துன்னல."

"வாய்லயே ஒட்டிக்கினு கீது. பொய்யி வேற."

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் எனக்கும் பாவம் வரும் என்கிற பயம். அவள் கவுன் எனக்குத் தைத்ததைவிட நல்லதாக இருந்தது என்பதும் உண்டு.

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "துன்னுட்டு ஆண்டவர வாங்கப் போறியா நீ?"

மற்றப் பிள்ளைகள் நன்மை வாங்க வரிசையாகப் போக, அவள் எங்களோடு கடைசி பெஞ்சில் விசும்பிக்கொண்டிருந்தாள். உடம்பு அனலாகச் சுட்டது. அழுகிற சூடு என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் காதுக்குப் பின்னாலிருந்து மணல்வாரி அம்மை இறங்கியது. டாக்டர் வந்தார். அம்மா வெந்நீருக்காக உள்ளே போயிருந்தாள்.

"இது வர்றதுக்கு முன்னாடி வாய்க்குள்ள வெள்ளைப் புள்ளி வரும், ரவை கணக்கா. நீ எதனா பாத்தியாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். தங்கை விழித்துத்தான் இருந்தாள்.

பிறகு மார்ச்சளி கட்டிக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் சாமியார் வீட்டுக்கே நன்மை கொண்டுவந்தார். அம்மா குனிந்து அவள் காதில், "லாடு துன்னத சாமியார்கிட்ட சொல்லிடு கண்ணு, அப்பதான் ஆண்டவர் வருவார்" என்றாள். தங்கை என்னைப் பார்த்தாள். பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனா என் தங்கம்" என்று அம்மா கடைசிவரை சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டாள். துன்னாததைத் துன்னதாகச் சொன்னாளோ, இல்லை என் பேரைச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. அந்தச் சாமியார் மாற்றலாகிப் போகும்வரை வேறு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அங்கேயும் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலேதான் இத்தனை வருஷமாக நன்மை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.