சன்னலைச் சாத்திய ஆறு ஞாயிறுகள்

முதலில் தொண்டை கட்டியது. அதை நோய் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் திங்கட்கிழமையும் போதகரின் குரல் கரகரவென்று இருந்தால், "ஐயரு உசுரைக் குடுத்துல்ல பிரசங்கம் பண்ணியிருக்காரு" என்று மெச்சுவார்கள். புதிதாக ஊழியத்துக்கு வந்திருக்கும் தம்பிமார் அந்தப் புகழ்ச்சியில் மயங்கிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன சபைக்கு என்னை அனுப்பினார்கள். என்னோடு இறையியல் படித்த ஞானராஜுக்கு ஜெயங்கொண்டம். அங்கே மைக் உண்டு, கூட்டம் உண்டு. அவனுக்கோ மைக்கே தேவையில்லாத குரல். எனக்கு வயிறு எரிந்தது. கத்தியாவது அவனை எட்டிப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

ஐந்து மாதம் கத்தினேன். கரகரப்பு கூடக் கூட எனக்குப் பெருமையும் கூடியது. ஒரு கல்யாண ஆராதனையில் மணமகளின் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

திருச்சியில் மருத்துவர் என் நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு, சிறிய கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல்நாண் முடிச்சு (குரல் எழுப்பும் மடிப்புகள் ஓயாமல் மோதிக் காய்த்துப்போவது) என்றார்.

"ஒன்றரை மாசம் வாயே தொறக்கக் கூடாது. ரகசியம் பேசுற மாதிரிகூடப் பேசாதீங்க. சரியாகலைன்னா ஆபரேஷன். அப்புறம் குரல் எப்படி வரும்னு என்னால சொல்ல முடியாது."

குரல் போனால் ஊழியமும் போயிற்று. பயந்துகொண்டே ஊர் வந்தேன். என் இடத்தில் ஆராதனை நடத்த மேலிடம் அனுப்பிய ஆள் யார் தெரியுமா? ஞானராஜ்தான். விடியற்காலை பஸ்ஸில் வந்து, ஏழு மணிக்கு எங்கள் ஆராதனையை முடித்துவிட்டுத் தன் சபைக்குப் போவான்.

என் வீடு கோயிலை ஒட்டி இருந்தது. அவன் பிரசங்கம் ஒரு சொல் விடாமல் கேட்கும். என் ஜனங்கள் அவனுக்கு ஆமென் சொல்வதும் கேட்கும். எழுந்து போய்ச் சன்னலைச் சாத்துவேன். துருப்பிடித்த கீல் கிரீச்சென்று கத்தும். ஆறு ஞாயிறும் சாத்தினேன்.

சபை மூப்பர் ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். "நல்லா ரெஸ்ட் எடுங்க ஐயரே. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவசரமில்லையாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, அவரு நமக்காகத்தானே வராரு?" என்றாள் என் மனைவி கிரேஸ். பதில் சொல்ல முடியாதது அன்று வசதியாகப் போயிற்று.

மறுபடி திருச்சி. முடிச்சு சுருங்கியிருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பேசலாம் என்றார் மருத்துவர். அந்த ஐந்தையும் எதற்கு என்று பஸ்ஸிலேயே தீர்மானித்தேன். ஞாயிறு ஆராதனையின் முடிவில் நானே எழுந்து ஆசீர்வாதம் கூறுவேன். சபை யாருடையது என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் காத்திருக்க, ஞானராஜ் வந்தான். அங்கியை மாட்டுமுன் இருமினான். அவன் தொண்டையும் கட்டியிருந்தது. இரண்டு சபைக்கும் சேர்த்துப் பேசுகிறவன். ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் நான் பயந்தேன்.

"டேய், உன்மேல எனக்குப் பொறாமைடா" என்றேன். ஒன்றரை மாதத்தில் என் முதல் பேச்சு.

"தெரியும். நீ சன்னல் சாத்துறது வாராவாரம் பிரசங்க மேடைக்குக் கேக்குது" என்றான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்; மருத்துவரின் ஐந்து நிமிடக் கணக்கைக் கிரேஸ் அவனிடம் சொல்லியிருந்தாள். "ஒரு நிமிஷம்கூட ஆகல. மிச்சத்தை வச்சுக்க. ஆசீர்வாதம் நீதான் சொல்லணும்."

ஆராதனையின் முடிவில் தாழ்ந்த குரலில் ஆசீர்வாதம் சொன்னேன். கேட்பதற்காக ஜனங்கள் அசையாமல் நின்றார்கள்.

இன்றும் இருபது நிமிடத்துக்கு மேல் பேசினால் தொண்டை எச்சரிக்கும். நிறுத்திவிடுவேன். வேறொருவர் நன்றாகப் பிரசங்கிக்கும்போது என் கை இன்னும் சன்னலைத் தேடும். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆமென் சொல்கிறேன்.