திருத்திய தோட்டாவும் பழைய தோட்டாவும்

தோட்டா கட்டுகிறவன் பிழைப்பு இப்படித்தான்: மிருகம் விழுந்தால் சுட்டவருக்குப் பேர், தப்பினால் எங்களுக்குத் திட்டு, கடையில் நின்று பேச்சு வாங்கிய உங்களுக்கு இது விளங்கும்.

ஏட்டையாவின் கவலை

யுத்தத்தால் சீமைத் தோட்டா வருவது நின்றிருந்தது. சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டில் மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டு பொருத்தித் தருவது என் வேலை, அரியலூரில் கண் மங்கிய ஒரு ராவுத்தர் கடையில். மறியல் செய்து சிறை போனவனுக்கு வேறு யாரும் வேலை தரவில்லை. நானும் யாரையும் கெஞ்சவில்லை. சர்க்காரை எதிர்த்தவன் கையில் வெடிமருந்தா என்று ஏட்டையா வந்து கேட்டார். வெற்றிலை மடித்துக்கொண்டே ராவுத்தர் சொன்னார்: "மேடையில கத்துறவனுக்குச் சுட வராதுங்க ஏட்டையா."

மைனரின் ரைபிள்

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சிறுத்தை கன்றுகளை அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுடப் பெரம்பலூர்ப் பக்கத்து மைனர் ஒருவர் கிளம்பினார். தம் ரைபிளின் தோட்டா அறையைத் திருச்சியில் கடைந்து அகலமாக்கியிருந்தார். அதில் சுட்டால் பழைய கூடு பருத்து, கழுத்துக்குக் கீழே தோள் உயர்ந்து வெளியே வரும். அடுத்த தடவை மருந்து கூடுதலாகப் பிடிக்கும். இதுதான் திருத்திய தோட்டா. உள்ளே போன உருவத்தில் திரும்பாத அந்தக் கூட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தேன். சிறையிலிருந்து நானும் அப்படித்தான் வந்தேன். "நெறைய மருந்து போடுய்யா, ஒரே குண்டுல சாயணும்," என்றார் மைனர்.

ஈர மூட்டை

ஏரிக்கரையில் ஈரமண் மூட்டைகளை அடுக்கி, திருத்திய தோட்டா, பழைய தோட்டா இரண்டையும் அதே ரைபிளில் சுட்டுப் பார்த்தோம். திருத்தியது ஒரு சாண் கூடுதலாகத் துளைத்தது. வாயைப் பிளந்தேன். ஆனால் சுட்ட கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டது. குழல் வழியே குச்சி விட்டுத் தள்ளும்வரை அடுத்த தோட்டா ஏறவில்லை. மருந்தைக் குறைத்தேன், ஒட்டவில்லை, ஆழமும் பழைய அளவுதான். மைனருக்கோ அந்த ஒரு சாண் வேண்டும்.

துப்பாக்கிக்கு முன்னால் புதரைக் கலைத்துக்கொண்டு நடக்கவேண்டியவர் பெரியண்ணன் என்ற கூலியாள். அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்: "மொதக் குண்டு தப்பிட்டா, குச்சி வர்ற வரைக்கும் சிறுத்தை என்னைப் பாத்துக்கிட்டு நிக்குமாங்க?"

இரண்டாவது குண்டு

நிறைத்த தோட்டா கட்டமாட்டேன் என்று கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயில் புத்தி போகவில்லை என்றார் மைனர். வேலை போய்விடும் என்றார் ராவுத்தர். கட்ட வேறு ஆளில்லை. மைனர் முறைத்துக்கொண்டே பழைய தோட்டாவோடு போனார்.

வேட்டை முடிந்து பெரியண்ணன் கடைக்கு வந்தார். முதல் குண்டு சிறுத்தையின் காதை உரசிப் போயிருந்தது. அவர்மேல் பாய்ந்ததை அடுத்த குண்டுதான் சாய்த்தது. இரண்டு காலிக் கூடுகளை மேசைமேல் வைத்தார். "இது மைனரோடதுங்க. இந்த ரெண்டாவது என்னோடது."

பழையதே இருக்கட்டும் என்று என் ஆயுளில் நான் நடத்திய போராட்டம் அது ஒன்றுதான். வென்றதும் அது ஒன்றுதான்.