மில் தந்த சான்றிதழ்

எண்பதுகளில் சம்மாந்துறை அரிசி மில் ஒன்றில் நெல் மூட்டை சுமந்தேன். தொழிலாளருக்கு மெஷின் வேலை பழக்கும் முதலாளிமாருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் என்றொரு திட்டம் வந்தது. எங்கள் முதலாளி என்னையும், என் தங்கையைக் கட்டியிருந்த மச்சானையும் பதிந்தார். ஆறு மாதமும் நாங்கள் மூட்டைதான் சுமந்தோம். காலையில் பயிற்சிப் புத்தகத்தில் கையொப்பம் வைப்பதோடு படிப்பு முடிந்துவிடும். கடைசியில் ஆளுக்கொரு சான்றிதழ் தந்தார்கள். மச்சான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினான்.

ஒரு வெள்ளிக்கிழமை மெஷின்காரர் ஜும்ஆத் தொழுகைக்கு நேரத்தோடு போய்விட்டார்.

"ஒனக்கு சேட்டிபிக்கட் இருக்குத்தானே, நீ ஓட்டு" என்று முதலாளி மச்சானிடம் சொன்னார்.

மெஷின் சக்கரத்தில் ஓடும் பெல்ட் வழுக்கியது. அப்படி வழுக்கினால் மெஷின்காரர் பிடிப்புக்குக் குங்கிலியத் தூள் போடுவதை மச்சான் பார்த்திருக்கிறான். சக்கரத்தைவிட்டு பெல்ட் வெளியே வருகிற பக்கம் போட வேண்டும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அவன் உள்ளே போகிற பக்கம் போட்டான். வலது கை மணிக்கட்டோடு போனது.

விசாரிக்க வந்த அதிகாரி என்னைக் கேட்டார்: "இவருக்கு மெஷின் வேல பழக்கினதா?"

முதலாளி பக்கத்திலேயே நின்றார். இல்லை என்று சொன்னால் என் கையொப்பமும் பொய்யாகும், வேலையும் போய்விடும்.

"ஓம் சேர், நல்லாப் பழக்கின" என்றேன்.

பழகியவன் விட்ட பிழைக்கு நட்டஈடு இல்லை என்று எழுதிக்கொண்டு அவர் போனார்.

திங்கட்கிழமை அந்த மெஷினில் என்னை நிறுத்தினார்கள். எந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது என்பதை மட்டும் நான் பழகியிருந்தேன்.