படிக்கட்டில் கிடந்த செவ்வந்தி

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மெக்சிக்கோக்காரி ஒருத்தி இருந்தாள். மெக்சிக்கோ என்று மட்டும் சொன்னால் அவளுக்கு முகம் கறுக்கும். மலையில் இருக்கும் அமுஸ்கோ ஊர்க்காரி என்று சொல்ல வேண்டும். தாய்மொழியும் ஸ்பானிஷ் இல்லை, அமுஸ்கோதான். "இந்தியாவோ?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் "இல்லை, இலங்கைத் தமிழ்" என்று விளக்கம் கொடுத்தே தொண்டை வற்றிப்போன எனக்கு அவள் கோபம் உடனே விளங்கியது. அன்றிலிருந்து அமுஸ்கோ மக்களைப் பற்றி ஒஸ்லோவில் என்னைவிட்டால் ஆளில்லை என்று எனக்கொரு நினைப்பு. தறியின் வாரை இடுப்பில் கட்டி, உடம்பால் இழுத்துப் பிடித்தபடி அவள் நெய்வாள். அவள் நெய்கிற வெள்ளைச் சட்டையில் வருகிற பறவைகளைப் பற்றி வேலைத்தலத்தில் யாரும் கேட்காமலே விரிவுரை நடத்தியிருக்கிறேன்.

அந்த நவம்பரில் நான் கந்தசஷ்டி விரதம். பாலும் பழமும்தான். பக்தியைவிட, "ஆறு நாளும் பிடிக்கிறன்" என்று சொல்லிக்கொள்கிற பெருமையே என்னை நிமிர்த்தி வைத்திருந்தது. பின்னேரம் வேலையால் வந்து கட்டடத்தின் வாசல் கதவைத் திறக்கிறேன். வாசலிலிருந்து படி நெடுக, எங்கள் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு மேலே போகிறது செவ்வந்தி இதழ். எங்கள் ஊரில் தரையில் இப்படிப் பூக் கிடந்தால் ஒரே அர்த்தம்தான். பிரேதம் போயிருக்கிறது. பொரி மட்டும்தான் குறை.

"அட முருகா, விரதத்துக்குள்ளை சாவுத் துடக்கோ!"

பிறகென்ன, பேய் பிடித்தவள் மாதிரி வேலை செய்தேன். ஒரு இதழ் விடாமல் கூட்டி அள்ளிக் குப்பைப் பையில் கட்டி வெளியே எறிந்தேன். படியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அதன் மேல் மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். தலைக்கு வார்த்துவிட்டுத் துவாயோடு நிற்கும்போது படிக்கட்டில் ஒரு குரல். அழுகிறாளா கத்துகிறாளா தெரியவில்லை.

கையில் மெழுகுதிரிக் கட்டோடு மூன்றாம் மாடிக்காரி நின்றாள். எங்கள் இருவருக்கும் பொதுவானது ஓட்டை நோர்வேஜியன்தான். அழுகையில் அவளுக்கு அதுவும் உடைந்துபோனது.

"பூ எங்கை? அது அம்மா வாற வழி!"

அவளுடைய தாய் அந்த வருடம்தான் ஊரில் இறந்திருந்தார். விசாச் சிக்கலில் இவளால் போக முடியவில்லை. இறந்தவர்கள் வருடத்தில் ஒருதரம் வீட்டுக்கு வருவார்களாம், பூவைப் பார்த்துத்தான் வழி பிடிப்பார்களாம். அதற்காகவே கோடை முழுக்கப் பல்கனியில் செவ்வந்தி வளர்த்து, இதழைக் காய வைத்திருக்கிறாள். மேலே சோளமாக் கொழுக்கட்டை ஆவி பறக்கிறதாம்.

"ஊரிலையெண்டா பழகின வழி. ஒஸ்லோவை அம்மா கண்டதே இல்லை. இண்டைக்குத் தவறினா இனி அடுத்த வருஷம்தான்," என்றாள்.

அமுஸ்கோ நிபுணிக்கு இது மட்டும் தெரியாமல் போனது. குப்பை வண்டி அதற்குள் வந்து போயிருந்தது, சனியன்.

வீட்டுக்குள் ஓடிக் குளிர்பெட்டியைத் திறந்தேன். ஆறாம் நாள் சூரன்போருக்கென்று தமிழ்க்கடையில் சொல்லி எடுப்பித்த செவ்வந்தி மாலை, இந்தத் தடிப்பில். ஒரு கணம் யோசித்தேன், பொய் சொல்லக் கூடாது. பிறகு நூலை அறுத்தேன். முருகன் வழி தெரியாமல் நிற்கிற ஆளா என்ன?

அவள் பாதிப் பூவோடு மேலிருந்து இறங்கி வர, நான் வாசலிலிருந்து தூவிக்கொண்டு ஏறினேன். என் அம்மாவையும் பூவும் பொரியும் தூவித்தான் அனுப்பி வைத்தார்கள், டெலிபோனில் சொன்னார்கள். திரும்பி வருவதற்கு யாரும் ஒரு இதழ்கூடப் போட்டதில்லை. ஈரத் தலையோடு குந்தியிருந்து அழுதேன். அழுதபடியே தூவினேன்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது கீழே கதவு திறந்தது. வேலை முடிந்து என் கணவர். பூவைக் கண்டார், என் கண்ணைக் கண்டார், முகம் வெளிறிவிட்டது.

"என்னப்பா, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. அம்மா வாறா. மிதிக்காமல் ஓரமா வாங்கோ," என்றேன்.