சிவப்பு வளையம் போட்ட பீர்

என் வீட்டுக்காரர் பீர் காய்ச்சுவார். சின்ன காஞ்சிபுரத்தில் இதை நான் பல வருஷம் தலை நிமிர்ந்து சொல்லியிருக்கிறேன், அதுவும் மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில். வாசலில் பச்சைப் பலகை. அதில் ‘சோடா, கலர், இஞ்சி பீர்’ என்று வெள்ளை எழுத்து. அந்தப் பலகைக்கு அடியிலேயே நின்று போலீஸ்காரர் ஒரு பாட்டில் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு போவார். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உண்மையான பீர் கறுப்பா சிவப்பா என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பீர் என்றால் எங்கள் பீர்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு பழைய சோடா கம்பெனியில் வேலை பார்த்தபோது அவர் கற்றுக்கொண்ட பக்குவம் அது. நார் இல்லாத இஞ்சியைத் தோல் சீவி உரலில் இடித்து, சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் எலுமிச்சம்பழம் பிழிந்து, ரொட்டிக் கடையிலிருந்து வாங்கிய ஈஸ்ட்டைச் சிட்டிகை அளவு கரைத்து ஜாடியில் ஊற்றித் துணியால் வாயைக் கட்டிவிடுவோம். மேலே லேசாக நுரை கட்டியதும் வடிகட்டி எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் புளிப்பு ஏறிவிடும். பிறகு கோலி பாட்டிலில் அடைத்து காஸ் ஏற்றுவது. இதை ‘ஊறல்’ என்று சொல்லக் கூடாது என்பது மட்டும் வீட்டுச் சட்டம். ஊறல் என்றால் சாராயக்காரர்கள் புதைத்து வைப்பது. அந்தச் சொல்லைக் கேட்டால் ஏப்பம் விட்ட போலீஸ்காரரே தடியோடு திரும்பி வருவார்.

நான் திருப்புட்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். நெசவுக்காரர்கள் தெருவில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் அவர்களுக்கு இந்த பீர் ஏன் தேவை என்று புரிந்தது. நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு மத்தியானச் சோறு வயிற்றில் அப்படியே நிற்கும். ஒரு பாட்டில் இஞ்சி பீர் உள்ளே போனால் இறங்கிவிடும். அது மட்டுமல்ல, முடிந்த புடவையைத் தறியிலிருந்து அறுக்கிற அன்று வீட்டில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுப்பது அந்தத் தெருவில் வழக்கமாகிவிட்டது. “சேலை அறுத்துட்டோம், பீர் அனுப்பும்மா” என்று எதிர்வீட்டு அக்கா வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள். கோயிலுக்குப் போகிற பெரியவர்கள் காதில் விழும். அவர்களும் திரும்பும்போது ஒன்று குடித்துவிட்டுப் போவார்கள்.

சோடாக்காரனுக்குச் சொத்து பாட்டில்தான். வெளியே போன பாட்டில் திரும்பி வர வேண்டும் என்று ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு வளையம் போட்டு வைத்திருந்தோம். வளையம் போடுவது என் வேலை.

எழுபதுகள் தொடங்கிய சமயத்தில் மதுவிலக்கை எடுத்தார்கள். கள்ளுக்கடை வந்தது, சாராயக்கடை வந்தது, பிராந்திக் கடை வந்தது. பிராந்திக் கடையோடு அசல் பீரும் வந்து இறங்கியது. டீக்கடையில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு, எந்த ஊரில் எத்தனை கடை ஏலம் போனது என்பதுதான் பேச்சு. பீர் குடித்தால் உடம்பு தேறும், அது சாராயத்தில் சேர்த்தி இல்லை என்று இளவட்டங்கள் ஒரு புதுச் சாஸ்திரம் கண்டுபிடித்தார்கள். ஐஸ் வைத்துக் குடிப்பதுதான் நாகரிகம் என்றானது.

எங்கள் தொழிலே தலைகீழானது. கலரும் இஞ்சி பீரும் போட்டுக்கொண்டிருந்த சோடாக்காரர்கள் அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு வெறும் சோடா மட்டும் அடிக்க ஆரம்பித்தார்கள். பிராந்தியில் கலக்க சோடா வேண்டுமே. ஐயம்பேட்டைப் பக்கம் திறந்த கடைக்கு எங்கள் வண்டியும் போனது. தினமும் போனது. சோடா சோடாதானே, அதில் என்ன பாவம் என்று நானே வளையம் காய்ந்ததா என்று பார்த்து வண்டியில் அடுக்கினேன்.

ஆனால் இஞ்சி பீரை நிறுத்த நான் விடவில்லை. “பேரையாவது மாத்திடலாம்மா. இஞ்சிப் பானகம்னு எழுதிடலாம். இப்ப பீர்னா எல்லாருக்கும் அர்த்தம் தெரிஞ்சுபோச்சு” என்றார் அவர், பெயின்ட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் நல்ல மனுஷர், சத்தமாக யாராவது தும்மினாலும் ஒதுங்கி நிற்பார்.

“இன்னிக்கி மாத்தினா, இத்தினி நாளும் இந்தத் தெருப் பொம்பளைங்களுக்குச் சாராயம் வித்தோம்னு நாமே ஒத்துக்கினதா ஆயிடும். டப்பாவை உள்ள வைங்க” என்றேன். வைத்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா மகளைப் பெண் பார்க்க ஐயம்பேட்டையிலிருந்து வந்தார்கள். அவர்களும் தறி வைத்திருக்கிற குடும்பம். நல்ல இடம் என்று அக்கா ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருந்தாள். கேசரி, பஜ்ஜி எல்லாம் தயார். பாட்டில்களை நானே எடுத்துப் போய் நடையில் நின்று ஒவ்வொன்றாகக் கோலியை அழுத்தித் திறந்துகொண்டிருந்தேன். உள்ளே பையனின் அம்மா, தாய்மாமன், இன்னும் சில சொந்தக்காரர்கள். பெண்ணின் அப்பாவுக்கு வாய் நிறையச் சிரிப்பு. தெருவில் வழக்கமாகப் பேசுகிற மாதிரியே பேசிவிட்டார்.

“பொண்ணை அப்புறம் பாக்கலாம். முதல்ல ஆளுக்கு ஒரு பீர் சாப்பிடுங்கோ!”

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு விளங்கவில்லை. “கூச்சப்படாதீங்க. எங்க வூட்ல பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாரும் குடிக்கிறதுதான். என் பொண்ணு ரெண்டு குடிப்பா” என்று மேலும் வாரி வழங்கினார்.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். “பொண்ணு பாக்க வந்த எடத்துல பீரா?” என்று எழுந்தார். பையனின் அம்மா எழுந்து நடைக்கு வந்தாள். என் கையில் இருந்த பாட்டிலை வாங்கினாள். அதன் கழுத்தில் இருந்த சிவப்பு வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். அது இஞ்சித் தண்ணீர் என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையோடு அப்படியே நின்றிருந்தாள். குடிகார வீட்டுப் பெண் என்று ஒருமுறை பேச்சு கிளம்பினால் நெசவுக்காரர்கள் இருக்கிற எல்லா ஊருக்கும் அது பஸ் ஏறிப் போய்விடும். பிறகு யார் வந்து வாசலில் நிற்பார்கள்? “உன் பலகையை இறக்கும்மா, புண்ணியமா போவும்” என்று அக்கா அழுதாள். பலகையை இறக்க மாட்டேன், போனவர்களைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கே உறைத்தது.

மறுநாள் ஒயர் கூடையில் பீர் பாட்டில்களையும், ஒரு துண்டு இஞ்சி, எலுமிச்சம்பழம், சர்க்கரைப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டை பஸ் ஏறினேன். பையனின் அம்மா வீட்டு அடுப்பிலேயே காய்ச்சிக் காட்டிவிட்டு வருவது என்று முடிவு. வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். நான் பேசியதும் நானே, அந்தம்மா பேசியதும் நானே, ஜெயித்ததும் நான்தான்.

வீட்டில் அந்தம்மா தனியாக உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தவில்லை. நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இஞ்சியிலிருந்து ஈஸ்ட் வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். ஒரு பாட்டிலைத் திறந்து நானே பாதி குடித்தும் காட்டினேன்.

“இது இன்னான்னு எனக்குத் தெரியும்மா” என்றாள் அவள். “சின்ன காஞ்சிபுரத்துக்கு கருட சேவைக்கு வர்றப்பல்லாம் குடிச்சிருக்கேன். பீர்ன்ற பேருக்குக் கோவிச்சுக்கினது என் தம்பி. நான் இல்ல.”

“அப்புறம் ஏம்மா எழுந்து வந்தீங்க?”

அப்போதுதான் ராட்டையை நிறுத்தினாள். வா என்றுகூடச் சொல்லாமல் தோட்டத்துப் பக்கம் நடந்தாள். நானும் போனேன். கிணற்றடிச் சுவர் ஓரமாகக் கோலி சோடா பாட்டில்கள் கிடந்தன. சில உடைந்திருந்தன. உடைந்த கழுத்திலும் உடையாத கழுத்திலும் என் கையால் போட்ட சிவப்பு வளையம்.

“தெனம் சாயங்காலம் என் வூட்டுக்காரரு கடையிலேர்ந்து வருவாரு, ஒரு கையில பிராந்தி, ஒரு கையில உன் சோடா. குடிச்சு முடிச்சதும் பாட்டிலை என் மேலதான் வீசுவாரு.” முழங்கைக்கு மேலே ஒரு தழும்பு, இன்னும் சிவந்தே இருந்தது. “அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. மகாலட்சுமி மாதிரி இருக்குது. ஆனா இந்த வளையம் வந்து போற வூட்ல சம்பந்தம் பண்ணிக்கினு, காலத்துக்கும் இதையே பாத்துக்கினு இருக்க என்னால முடியாதும்மா.”

எதற்காக அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வெட்கம் போய்க் கோபம் வந்தது. வீடு வந்து சேருவதற்குள் என்ன செய்வது என்று தெளிவாகிவிட்டது.

வண்டியில் சோடா ஏற்றிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். “ஐயம்பேட்டைக் கடைக்கு இனிமே போவாது. இறக்குங்க” என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு, “அந்த ஒரு கடைதாம்மா இப்ப நம்ம அடுப்பு எரிய வெக்குது. நாம நிறுத்தினா அந்த மனுஷன் குடிக்காம இருந்துடுவாரா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

“மாட்டாரு. ஆனா நான் வளையம் போட்ட பாட்டில் அந்தம்மா மேல விழக் கூடாது. அடுப்புக்கு நான் எதிர்வூட்ல போய்ப் பட்டு இழைக்கிறேன்” என்றேன்.

பாட்டில்களை நானே இறக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், வந்து மறுபக்கம் பிடித்தார். மறுநாளே அந்தக் கடைக்கு வேறு ஊர் சோடா வந்து இறங்கியது. எங்களைப் பைத்தியம் என்றார்கள். நான் எதிர்வீட்டில் ராட்டை சுற்றக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் இழை அறுந்து அறுந்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அந்த வருஷம் பண்டிகை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு முறைகூட, போதும், மறுபடியும் வண்டியை அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்ற நான் இடம் கொடுக்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

கொஞ்ச நாள் கழித்துத் தாய்மாமன் மட்டும் தனியாக வந்தார். எதிர்வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் பலகைக்கு அடியில் வந்து நின்றார். “உங்க சோடா எங்க ஊருக்கு வர்றதில்லன்னதும் எங்க அக்கா சம்பந்தத்துக்குச் சரின்னுட்டா. அந்தச் சனியனை ஒண்ணு குடுங்க, பாப்போம்” என்றார். குடித்தார். இன்னொன்று கேட்டார். பிறகு தெருவைத் தாண்டிப் போய் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேசினார்.

கல்யாணத்துக்கு எங்கள் இஞ்சி பீர்தான், அதே பெயரில். பெண்ணின் அப்பா இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி, “இஞ்சி, இஞ்சி” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். பந்தி கலைந்த பிறகு பையனின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் புது வளையல்கள். தழும்பு இருந்த இடம் ரவிக்கைக்குள் மறைந்திருந்தது.

“இப்ப எப்படிம்மா இருக்காரு?” என்று கேட்டேன். நல்ல செய்தியை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

“வேற சோடா ஊத்திக்கினு குடிக்கிறாரு. இன்னா மாறிடும்?”

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. “அப்போ நான் நிறுத்தி இன்னாம்மா பிரயோஜனம்?” என்று, கல்யாண வீடு என்றும் பார்க்காமல் எரிச்சலோடு கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைக்காரன்கிட்ட சொன்னேன், குடுக்காதப்பான்னு. சிரிச்சான். ஊர்ப் பெரியவங்ககிட்ட சொன்னேன், புருஷன் பொஞ்சாதி சமாச்சாரம்னுட்டாங்கோ. என் தம்பியே, வுடு அக்கான்னான். உன்கிட்டயும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சுக்கினுதான் சொன்னேன்” என்றாள். “என் பேச்சை நீ ஒருத்திதாம்மா கேட்ட.”